வேட்டைக்குப் போட்ட கோட்டு

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. சென்னையிலிருந்து வந்திருக்கும் நான் இரண்டு ஸ்வெட்டரும் தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு, புடவைக்கடை ரஞ்சி அக்காவின் காருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அக்காவிடம் வேட்டை உரிமம் உண்டு. குளிர்காலத்து ஞாயிறுகளில் காட்டுப்பன்றி சுடப் போவார். இன்று என்னையும் கூட்டிப் போகிறார்.

"என்ன தம்பி, இப்பவே எல்லாத்தையும் போட்டிட்டியள்? கோட்டையும் ஒரு ஸ்வெட்டரையும் கழட்டிப் பைக்குள்ளை வையுங்கோ."

"குளிருதேக்கா!"

"ஓம், குளிரட்டும். காட்டுக்குள்ளை கனதூரம் நடக்கோணும். இதோடை நடந்தால் வேர்த்து உடுப்பு நனைஞ்சிடும். பிறகு அசையாமல் இருக்கேக்கை விறைச்சுப் போவியள். அங்கை போய்ப் போடுங்கோ."

நடுங்கிக்கொண்டே கழற்றுகிறேன். காட்டில் நடக்க நடக்க உடம்பு தானாகவே சூடாகிறது. மரத்தடியில் உட்கார்ந்ததும், உலர்ந்த சட்டைக்கு மேல் ஸ்வெட்டரையும் கோட்டையும் போட்டுக்கொள்கிறேன். அக்கா துப்பாக்கியோடு புதரையே பார்த்திருக்கிறார். எனக்குக் கால் விரல்வரை கதகதப்பாக இருக்கிறது.

யாரோ தோளைத் தட்டுகிறார்கள். அக்காதான்.

"தம்பி, பண்டி வந்தது."

"எங்கேக்கா?"

"நீங்கள் விட்ட குறட்டையிலை ஓடிப்போட்டுது."

கோபப்படப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து எனக்குத் தேநீர் ஊற்றுகிறார்.