பாதி கிளாஸ் கம்பு பீர்

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு கிராஃப்ட் பீருக்கு ரசிகனாக இருப்பது, மாடில்லாதவன் பருத்திக்கொட்டை விலையை விசாரிப்பது மாதிரி. எங்கள் ஊர்க் கடையில் பீர் வாங்குகிறவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கூலிங் இருக்குதுங்களா?" கசப்பு, நிறம், நுரை என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து எது வருகிறதோ அதுதான் பீர்.

நான் ரசிகன் ஆனது பெங்களூரில் சின்னக் கடைகள் தாங்களே தொட்டி வைத்துக் காய்ச்சி ஊற்றுகிற பீருக்கு. பெருமாநல்லூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. ஆர்டர் கொடுக்க வந்த பையரை விமானம் ஏற்றிவிடப் பெங்களூர் போன ஒரு நாளில், அந்த வெள்ளைக்காரர்தான் வலுக்கட்டாயமாக ஒரு கடைக்குள் கூட்டிப் போனார். முதல் வாயிலேயே நான் காலி. அதற்கப்புறம் வருஷத்துக்கு ஓரிரு முறை அங்கே போக வாய்த்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் செய்திதான். எந்தக் கடையில் புதிதாக என்ன காய்ச்சியிருக்கிறார்கள், யார் மாம்பழம் போட்டுப் பார்த்தார்கள், எந்தக் கடையின் காய்ச்சுகிற ஆள் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார், எல்லாம் போனில் வந்துவிடும். ஒரு எம்எல்ஏ கட்சி மாறினால்கூட எனக்கு அவ்வளவு பதற்றம் வராது.

இந்தச் செய்திகளை அலசுவதற்கென்று எங்களுக்கு ஒரு சபை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பேக்கரி. பீர் ரசிகர் சபை கூடுவது டீயோடும் தேங்காய் பன்னோடும்தான், வேறு வழியில்லை. சபையில் என்னைவிடத் தீவிரமானவர் ஒரு நூல் ஏஜெண்ட். ஐந்து வேளை தொழுகிறவர், பீரைத் தொட்டதே இல்லை. முதலில் பப்ஸுக்காக வந்து உட்கார்ந்தார், அப்புறம் வம்பு ருசித்துப் போய்விட்டது. "குடிக்காதவன் கேட்டாத்தான் நியாயம் நடுநிலையா இருக்கும்" என்று தானே நடுவராகிவிட்டார். நாங்கள் பீரை எடை போடுவதுகூட எங்கள் தொழில் பாஷையில்தான். லேசான பீர் என்றால் சிங்கிள் ஜெர்சி. கறுத்துக் கெட்டியாக இருந்தால் ஃப்ளீஸ், குளிருக்குப் போட்டுக்கொள்ளலாம். துணியின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்லிப் பழகிய வாய்க்கு வேறெப்படி வரும்?

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். முப்பது தாண்டிய பையனுக்குப் பெண் கிடைப்பது எங்கள் பக்கம் குதிரைக்கொம்பு. எத்தனையோ ஜாதகம் தட்டிப்போன பிறகு குண்டடம் பக்கத்திலிருந்து ஒன்று பொருந்தி வந்தது. தாராபுரத்தில் பெண்ணின் சித்தி வீட்டில் பார்த்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தனியாகப் பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் நான் பீர் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேப்பர் திருத்துகிற முகத்தோடு கேட்டாள்: "ஏனுங்க, இதுல பேசறது ஜாஸ்திங்களா, குடிக்கறது ஜாஸ்திங்களா?"

"பேசறதுதாங்க."

சிரித்துவிட்டாள். "எங்கப்பாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கறேன். நீங்க முந்திக்காதீங்க" என்றாள். இவள்தான் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தீர்மானமாகிவிட்டது. மகிழ்ச்சியில் அன்றைக்குப் பல்லடம் வழியாக வர வேண்டியவன் பாதை தவறி எங்கோ போய்த் திரும்பி வந்தேன்.

நான் முந்தவில்லை, பேக்கரிக்காரர் முந்திவிட்டார். பெண் வீட்டார் பையனைப் பற்றி விசாரிக்கக் கம்பெனி வாசலுக்கும் பேக்கரிக்கும் ஆள் அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். வந்து கேட்டவரிடம் இவர் என்னைத் தூக்கிப் பேசியிருக்கிறார். அடுத்த ஞாயிறு பெருமை தாங்காமல் என்னிடமே சொன்னார்: "உங்களப் பத்தி நல்லாச் சொல்லி உட்டனுங்க! பையன் தங்கமுங்க, லீவு நாள்ல வேறெங்கயும் போக மாட்டாரு, இங்கயே உக்காந்து பீரப் பத்திப் பேசிட்டிருப்பாருன்னு சொன்னனுங்க."

நான் பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அப்புறம் அவர்கள் பக்கமிருந்து பேச்சே இல்லை. வீட்டில் அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தி, என் போனிடம் பேச ஆரம்பித்தாள்: "இதத் தூக்கிக் கெணத்துல போட்டாத்தான் எம்பையனுக்குக் கல்யாணமாகும்." நூல் ஏஜெண்ட் மட்டும், சபையின் பெயரைக் கீதை வகுப்பு என்று மாற்றிவிடலாமா என்று யோசனை சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள். "அப்பா ஞாயித்துக்கெழம பேக்கரிக்கு வர்றாருங்க. நீங்க எப்பவும் பேசற மாதிரியே பேசுங்க. நடிச்சீங்கன்னா கண்டுபுடிச்சிருவாரு." கொஞ்சம் நிறுத்தி, "எங்க சித்தப்பா குடிச்சேதானுங்க போனாரு. அப்பாவுக்கு அதுல பயம். அவரு வேண்டாம்னா நானும் மீற மாட்டேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை. அதனால்தான் சொன்னபடியே செய்வாள் என்று எனக்குத் தெரிந்தது.

வந்தார். வெள்ளை வேட்டி, மொபெட்டை நிழல் பார்த்து நிறுத்திவிட்டு, "ஏனுங்க தம்பி, சௌக்கியமுங்களா?" என்று கைகூப்பி உட்கார்ந்தார். நூல் ஏஜெண்ட் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நூல் விலை, சாயப்பட்டறை, மழை என்று பேசிக்கொண்டே போனார். பெண்ணின் அப்பா டீயைக் குடித்து முடித்தார். பன்னைத் தின்று முடித்தார். பிறகு மிகுந்த பணிவோடு கேட்டார்: "ஏனுங்க, அந்தப் பீருப் பேச்சு எப்பங்க ஆரம்பிக்கும்?"

அந்த வாரத்துச் செய்தி நல்ல செய்தி. எனக்குப் பிடித்த கடையில் கம்பு போட்டுப் பீர் காய்ச்சப்போவதாக அறிவித்திருந்தார்கள். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தேன். கம்பை முளைகட்டுவார்களா, பார்லியோடு எவ்வளவு கலப்பார்கள், வாசம் நிற்குமா என்று போகப் போக எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே மறந்துவிட்டது. அது கட்டாயம் இரட்டைப் பின்னல் துணி மாதிரி இன்டர்லாக் கனத்தில் இருக்கும் என்று நானும், சிங்கிள் ஜெர்சிதான் என்று நடுவரும் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டோம்.

"கடசியா எப்பங்க குடிச்சீங்க?" என்றார் பெண்ணின் அப்பா, நடுவில்.

"பொங்கலுக்கு அப்பறம் இல்லீங்கய்யா."

அப்போது ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அவர் வெளியே பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "பேச்சு நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. எந்தம்பியும் நல்லாத்தான் பேசுவான், கிளாஸு கைக்கு வர்ற வரைக்கும்" என்றார். "அந்தக் கடைக்கு என்னையுங் கூட்டிட்டுப் போங்க. நீங்க குடிக்கறத நான் பாக்கோணும்."

உலகத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளை பார்க்கும் படலம் நடந்திருக்காது. கம்பு பீர் வந்துவிட்டது என்று செய்தி வந்த வாரமே சனிக்கிழமை ரயிலேறினோம். நான், அவர், சாட்சிக்கு நூல் ஏஜெண்ட். சாயங்கால வெயில் இருக்கும்போதே கடைக்குள் போனோம். பெரியவர் எஃகுத் தொட்டிகளை அண்ணாந்து பார்த்து, "பால் சொசைட்டி மாதிரி இருக்குதுங்களே" என்றார். அவருக்கும் ஏஜெண்டுக்கும் லெமன் சோடா. எனக்கு முதலில் கோதுமை பீர், சின்ன கிளாஸில். நான் வழக்கம்போல அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடை விளக்கில் துணியின் ஷேடு பார்த்து ஏமாறுகிற ஜாதி நாங்கள் இல்லை. குடித்தேன், அருமை. சந்தோஷத்தில் ஏஜெண்டின் தோளைத் தட்டினேன். பெரியவர் சோடாவைத் தொடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வந்தது கம்பு பீர். பெரிய கிளாஸ். எத்தனை வாரமாகப் பேசியது! முதல் வாயில் கம்பு வாசம் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. பின்னாலேயே ஒரு வாடை. மழையில் நனைந்த எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி வாடை, எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. ஒருவேளை என் நாக்குதான் தப்போ என்று மறுபடி குடித்தேன். பாதி கிளாஸ் வரைக்கும் அதற்குச் சந்தர்ப்பம் கொடுத்தேன். பிறகு மேஜையில் வைத்துவிட்டு, "போலாமுங்க" என்று எழுந்துவிட்டேன். மனசே விட்டுப்போனது. பெரியவர் அந்தப் பாதி கிளாஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

அன்றைக்கு ஏஜெண்டின் தம்பி வீட்டில் தங்கினோம். மறுநாள் ரயில் ஜோலார்பேட்டை தாண்டிய பிறகுதான் பெரியவர் வாயைத் திறந்தார்.

"தம்பி, நேத்து பாதியில வெச்சுட்டு எந்திரிச்சீங்க பாருங்க, எனக்கு மனசு நெறஞ்சு போச்சுங்க. அந்தக் கட்டுப்பாடு ஒண்ணு போதுங்க."

ஏஜெண்ட் என் காலை மிதித்தார். பேசாமல் இரு என்று அர்த்தம். அவர் சொல்வதும் நியாயம்தான். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கிறது. பொய் எனக்குப் புதிதுமில்லை. ஷிப்மென்ட் நாளைக்குப் போய்விடும் என்று பையரிடம் தினமும் சொல்கிறவன் நான். ஆனால் பீர் விஷயத்தில் மட்டும் வாயில் பொய் வராது, என்ன செய்ய? அவளை இழந்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. அப்படியும் சொல்லிவிட்டேன்.

"அய்யா, அது கட்டுப்பாடெல்லாம் இல்லீங்க. பீரு நல்லா இல்லீங்க. நல்லா இருந்திருந்தா முழுசாக் குடிச்சிருப்பேன். ரிஜெக்ட் பண்ணிட்டனுங்க, அவ்வளவுதான்."

ஏஜெண்ட் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார்: "எந்தம்பி ஒரு நாளும் எதையும் ரிஜெக்ட் பண்ணுனதில்லீங்க."

வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மகளைக் கூப்பிட்டு, ரயில் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "கண்ணு! நல்லா இல்லைன்னு கீழ வெச்சுட்டாரு! ஆமா கண்ணு, பாதி கிளாஸு. நம்ம மாப்ளதான், வேற யாரு?"