வட்டச் சுவர் கொண்டுவந்த பேச்சு

அந்த ஊர் நூலகருக்கு வெண்கலக் குரல். மெதுவாகத்தான் பேசுவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். “அக்கா, படிக்கிறவங்க இருக்காங்க” என்று வாசகர்கள்தான் அவளை அடக்க வேண்டியிருந்தது. சிரித்துவிட்டாலோ போச்சு, எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

நூலகம் இருந்த கட்டடம் நூலகத்துக்கென்று கட்டியதல்ல. ஒரு காலத்தில் துணி ஏலம் விட்ட கூடம். வியாபாரிகள் சுற்றி உட்காரத் தோதாக வட்டமாகக் கட்டி, மேலே கும்மட்டம் கவிழ்த்திருந்தார்கள். ஜன்னல்களெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. துணியின் நிறம் தெரிய வெளிச்சம் வேண்டும், வேடிக்கை பார்க்கிற கண்கள் வேண்டாம். ஏலம் படுத்ததும் கூடம் நகராட்சி கைக்கு வந்தது; சுவரை மறைத்து அலமாரிகள் நின்றன.

ஒரு மழைக்காலத்தில் கும்மட்டம் ஒழுகியது. இடித்துவிட்டுத் தட்டைக் கூரை போடலாம் என்றார்கள். நூலகர் நகராட்சிக் கூட்டத்துக்கே போய், மைக் இல்லாமலே பேசித் தீர்த்துவிட்டாள். பழுதுபார்க்க ஒரு மேஸ்திரி வந்தார். அவளைப் போலவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டே நாற்பதைத் தொட்டவர். கூடவே அவருடைய தங்கை கணவர். அலமாரிகளை நடுவே இழுத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சுவர் வெறுமையாக நின்றது.

ஒரு மதியம் அவள் சுவரோரம் உட்கார்ந்து பிய்ந்த அட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். காதருகே ஓர் ஆண்குரல்.

“மாப்ள, வேலை நாளைக்கே முடிஞ்சிரும். ஆனா அந்தம்மா சிரிப்பைக் கேக்காம எப்படி இருக்கிறது? இன்னும் ஒரு வாரம் இழுக்கலாமா?”

திடுக்கிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. கூடத்தின் மறுகோடியில் மேஸ்திரி சுவரில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பேச்சை வளைந்த சுவரே கொண்டுவந்து சேர்த்திருந்தது. முகம் சூடாயிற்று, பிறகு குறும்பு தலைதூக்கியது. சுவரோடு வாயை வைத்து, வாழ்க்கையில் முதன்முறையாகக் கிசுகிசுத்தாள்:

“இழுங்களேன், யாரு வேணாம்னா?”

மேஸ்திரிக்குப் புரையேறியது. “யாரு மச்சான் பேசுனது?” என்று மாப்பிள்ளை கும்மட்டத்தை அண்ணாந்து பார்த்தார்.

வேலை நன்றாகவே இழுத்தது. பேச வேண்டியதையெல்லாம் சுவர் வழியே பேசிக்கொண்டார்கள்.

“எனக்குக் கத்திப் பேசித்தான் பழக்கம். சண்டை வந்தா தெருவே கேக்கும்.”

“கேக்கட்டுமே. கல்லு உடைக்கிற சத்தத்துல எனக்கு ஒரு காது பாதி போயிருச்சு. நமக்குப் பொருத்தம்தான்.”

கல்யாணத்துக்கு வாசகர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். கும்மட்டம் அதன்பின் ஒழுகவேயில்லை. சுவரோரம் அலமாரி வைக்க மட்டும் அவள் விடவில்லை. சக்கரத்தின் ஆரங்கள் போல நடுக்கூடத்தில் நிறுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.