தோணாத் தண்ணீரில் பச்சைப் பாவாடை

நதீராவுக்குப் பைத்தியம் என்றுதான் எங்கள் கல்முனைக் கரையில் சொன்னார்கள். கடல் வந்து வீட்டையும் புருஷனையும் கொண்டுபோன பிறகு வாளித் தண்ணீரைக் கண்டாலும் அவளுக்குக் கை நடுங்கும். குளிக்க நான்தான் தலையில் ஊற்றிவிட வேண்டும். அகதி முகாமில் அடுத்த கூடாரம் என்னுடையது. நானும் விதவைதான். எனக்கு நடுங்க நேரம் இருக்கவில்லை.

அவளுடைய தம்பி றுமைஸ் கட்டாரிலிருந்து ஒரு சின்னக் கெமரா அனுப்பினான். அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒருநாள் தோணாப் பக்கம் போனாள். தோணா என்றால் ஊருக்குள்ளால் கடலுக்குப் போகும் எங்கள் ஓடை.

"கெமராக்குள்ளால பாத்தா தண்ணி சின்னனாக் கிடக்கு மாமி. என்னய ஒண்டும் செய்யாது" என்றாள்.

அன்றிலிருந்து அதே வேலை. காற்றடித்தால் தண்ணீர் சுருளுவது, தென்னை தலைகீழாக நெளிவது, எல்லாவற்றையும் கரையில் நின்று எடுப்பாள். கை நடுக்கம் குறைந்தது. தன் வாளியைத் தானே நிரப்பினாள்.

யுத்தம் முடிந்த வருஷம், பாலத்தடியில் ஆமிக்காரன் ஒருவன் கெமராவைப் பறித்துத் தட்டித் தட்டிப் பார்த்தான். "வத்துர, ஒக்கொம வத்துர!" எல்லாம் தண்ணீர் என்று சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

துவக்கு வைத்திருந்தவன் விட்டான். எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் அப்துல் கபூர் விடவில்லை. நதீரா ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்த படமொன்று அவர் கையில் சிக்கியிருந்தது. தோணாக் கரைக்கே வந்துவிட்டார். சத்தம் கேட்டு நாங்கள் பெண்களும் கூடிவிட்டோம்.

"நம்மட பொம்பிளயொண்டு பச்சப் பாவாடயோட தண்ணிக்க ஆடுறா. இதயா படம் புடிக்கிற? கெமராவத் தா. பள்ளில இரிக்கட்டும்."

நதீரா கெமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது போனால் வாளிக்குப் பயந்த பழைய நதீராதான் மிஞ்சுவாள். எனக்குத் தெரியும்.

"படத்தக் காட்டுங்க தம்பி" என்றேன்.

"நீங்க என்னத்தப் பாக்கப் போறீங்க ராத்தா?"

"பாவாட கட்டுறவளுக்குத்தானே பாவாட தெரியும்."

வாங்கிப் பார்த்தேன். தலைகீழாகத் திருப்பினேன். படத்தில் கம்பொன்று நிமிர்ந்தது. அதன் உச்சியில் பச்சைச் சீலை, சீலையில் பிறை. தோணாக் கரைத் தைக்காவில் அடங்கியிருக்கும் பெரியவரின் கந்தூரி விழாவுக்கு ஏற்றிய கொடி, தண்ணீரில் விழுந்து ஆடியிருக்கிறது.

"இந்தப் பாவாடயக் கட்டினது நீங்கதான் தம்பி. ஃபாத்திஹாவும் ஓதித்தான் கட்டினீங்க."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களில் உம்மு மட்டும் பொத்தவில்லை. "அல்லாவே! மரைக்கார்ர கண்ணு எங்க போகுது பாருங்கவே!"

கபூரின் முகம் கறுத்தது. "கொடியோ என்னவோ. பொம்பிள கெமராவோட ரோட்டுல நிக்கப்படா. தா இங்க."

நதீரா அப்போதுதான் வாய் திறந்தாள். "கடல் வந்த அண்டைக்கு உடுத்த சீலயுமில்லாம ரோட்டுல கிடந்தன். கிடக்கப்படா எண்டு அப்ப ஒருத்தரும் வந்து கதைக்கல்ல. தரமாட்டன்."

அவர் கை நீட்டியபடியே நின்றார். அவள் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போய்த் தோணாவுக்குள் இறங்கினாள். அதுவரை கரையை விட்டு ஒரு எட்டும் வைக்காதவள். முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்று, தன் காலைச் சுற்றி விரிந்த நெளிவைக் குனிந்து படம் எடுத்தாள்.

நாங்கள் கரையில் நின்றோம். மரைக்கார் போகும்வரை ஒருத்தியும் நகரவில்லை.