உகுலேலேயைச் சுமந்தவர்

தியோடர் ஞானாபரணம், 1949–2013. செகந்திராபாத்தில் பிறந்து, அங்கேயே ரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் முப்பது ஆண்டுகள் இருந்தார், பாடியதில்லை. அவருக்குச் சுருதி சேராது. டிசம்பர் மாதத்தில் குழு வீடு வீடாகச் சென்று கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடும்போது, ஆர்மோனியத்தைச் சுமந்து வருவது அவர் பணி. அதற்கு ஈடாக, மனைவி பியூலாவின் அருகில் நின்று உதடசைக்கும் உரிமை அவருக்கு வழங்கப்பட்டிருந்தது.

2010-இல் உகுலேலே வந்தது. ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த நான்கு தந்திக் கருவி. கிதார் ஈன்ற கைக்குழந்தை போலிருக்கும். நெடுங்காலம் அதை மறந்திருந்த உலகம், இணையத்தில் ஆளாளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கியதும் திடீரென்று நினைவுகூர்ந்தது. ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரிந்த எங்கள் குழுவின் ஜெனிட்டா, ஒன்றை வாங்கிக் கற்று, ஒத்திகைக்குக் கொண்டுவந்தாள். குழுத் தலைவர் ஜோசியா அதை ஒரு விரலில் தொங்கவிட்டுப் பார்த்தார்.

“இனிமே ஆர்மோனியம் வேணாம். தியோடர் அண்ணே, உங்களுக்கு ரெஸ்ட். வீட்ல உக்காந்து டிவி பாருங்க.”

“வாத்தியம்னு இருந்தா தூக்க ஒரு ஆள் வேணும்ல?”

“இதுக்கு ஒரு விரல் போதும்ணே.”

அடுத்த வாரம் தியோடர் தேக்குப் பெட்டியுடன் வந்தார். பித்தளை மூலைகள், இரண்டு பூட்டுகள். பனிக்கால வறட்சியில் மெல்லிய பலகை வெடித்துவிடும் என்பது அவர் வாதம். மறுக்குமளவு எவருக்கும் விஷயம் தெரியாது. பெட்டி ஆர்மோனியத்தைவிடக் கனமாயிருந்தது.

“ஒரு கட்டில் செய்யுங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்குறேன்,” என்றார் பியூலா. “இதுக்கு மட்டும் தேக்கு!”

உப்பலில் ஓர் அடுக்குமாடியின் மின்தூக்கியில் பெட்டி நுழையவில்லை. குழு தூக்கியில் ஏறியது. தியோடர் படியில் ஏறினார். கருவிக்குக் காத்திராமல் பாடல் தொடங்கிவிட்டது. முதல் பூட்டை அவர் திறந்தபோது கடைசிச் சரணம். இரண்டாவதைத் திறந்தபோது கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோசியா சினந்தார்.

திரும்பும்போது படிக்கட்டில் ஜெனிட்டா மெல்லச் சொன்னாள்: “அங்கிள், அடுத்த வருசம் நானே பேக்ல போட்டுக் கொண்டு வரேனே.”

“நக்கோ மா, வேணாம். நீயே தூக்கிட்டா நான் எதுக்கு வரணும்?”

அவள் சபையின் இளைஞர் அறுவருக்கு உகுலேலே கற்றுக்கொடுத்தாள். 2012-க்குள் எல்லாரும் ஆளுக்கொன்று வாங்கியிருந்தனர். தன்னிடம் கற்றவர்கள் கருவியை அங்கிளின் பெட்டியில்தான் வைக்கவேண்டும் என்பது அவள் விதித்த நிபந்தனை. பாடும் வீடுகளில் ஒரு கையில் கேக்கும் மறு கையில் தேநீரும் தருவது வழக்கம். கைகள் ஓய்வாயிருக்குமென்று அறிந்ததும் அறுவரும் உடன்பட்டனர்.

தியோடர் ஏழு உகுலேலேகளுக்கான புதிய பெட்டியைச் செய்வித்தார். அதைத் தூக்க இருவர் தேவைப்பட்டனர். வாசிப்பவர் விரல்கள் கொப்பளிக்கலாகாது. எஞ்சியவர்களில் திடமானவர் ஜோசியா ஒருவரே.

“கைக்கு?” என்று ஹைதராபாத் உருதுவில் ஏன் எனக் கேட்டார் ஜோசியா. “நான்தான் கெடச்சேனா?”

“ஒரு விரல் போதும்னியே தம்பி. பத்தும் வச்சுப் புடி.”

கச்சிபௌலியில் ஜெனிட்டாவின் மேலதிகாரி வீடு ஐந்தாம் மாடியில் இருந்தது. பெட்டி படிவழியே மேலே சேர்ந்தது. ஏழு உகுலேலேகளும் ஆயத்தமாயின. பாடலின் முதலடியை எடுக்கவேண்டியவர் ஜோசியா, மற்றவர்கள் அவரைப் பின்தொடர்வதே வழக்கம். அவர் வாயைத் திறந்தார், மூச்சு மட்டுமே வந்தது. வீட்டார் கைகட்டிக் காத்திருந்தனர். முப்பது ஆண்டுச் சுமையில் பழகிய மூச்சு, பெட்டி சுமந்த இருவரில் ஒருவரிடம் மட்டுமே மிச்சமிருந்தது. தியோடர் முதலடியை எடுத்தார். ஏழு பேரும் அவருடைய சுருதியைத் தேடித் தந்திகளை முறுக்கினர், அகப்படவில்லை. பியூலா அவர் கையைக் கிள்ளினார். அவர் நிறுத்தவில்லை, எல்லாச் சரணங்களையும் பாடி முடித்தார்.

அவர் முதலும் கடைசியுமாகப் பாடியது 2012 டிசம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை.