கேட்டில் தின்ற லேகியம்

இந்த மலாய் நாட்டுக்கு வந்து எனக்குக் கடைசிவரை பழகாமலே போன காரியம், வேலைக்குப் போகுமுன் கொண்டையை அவிழ்த்துக் காட்டுவது. முசிறிப் பக்கம் எங்கள் ஊரில், களை எடுக்கப் போகிறவளை நிறுத்தி முடியை உதறச் சொன்னால் சொன்னவன் முழுசாக வீடு போய்ச் சேரமாட்டான். இங்கே அப்போது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோம் என்று, ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். விடிந்து ஊரடங்கு முடிந்ததும் வாளியும் சீவுகத்தியுமாக வரிசையில் நிற்போம். பெண்களை ஒரு தட்டி மறைவில் ஒருத்தி சோதிப்பாள். கொண்டை, மடி, வாளியின் அடி. ஒரு பிடி அரிசியோ ஒரு மாத்திரையோ அகப்பட்டால் ஜெயில். தண்ணீர்ப் போத்தலுக்கு மட்டும் தடையில்லை. ஊரில் இருந்து படிக்கிறவர்கள் நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அப்போது மரம் சீவிய யாரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இங்கே பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரர் மாணிக்கம் இதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஊருக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு கப்பலில் கூட்டி வந்தார். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடல் தாண்டி வந்தவளுக்கு அது நடக்குமா? அம்மா தன் பங்குக்கு, கப்பலேறிய தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு துணிப்பை கொடுத்தனுப்பினாள். சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் என்று தனித்தனிப் பொட்டலங்கள். பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிண்டும் சாமான். கூடவே, எழுதத் தெரிந்த யாரிடமோ சொல்லி எழுதிய சீட்டு: 'காலையில் வெறும் வயிற்றில் கொட்டைப்பாக்களவு. பாலூறும், வாயு அண்டாது, மனசு தெளியும்.'

லேகியம் கிண்டிக் கொடுக்க வந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா, செல்லம்மா அண்ணி. கெமாஸில் அவர் புருஷனுக்கு ரயில்பாதை வேலை. ஒரு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, எனக்காக மூன்று மாதம் எங்கள் ஒற்றை அறையில் கிடந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கை காய்த்துப் போகும்வரை இடித்துச் சலித்து, பனைவெல்லப் பாகில் போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டி, ஒரு மங்குச் சாடியில் எடுத்து வைத்தார். கொட்டைப்பாக்களவு என்று அம்மா எழுதியதை அண்ணி எலுமிச்சங்காயளவு ஆக்கிவிட்டார். பாசம் அப்படித்தான், அளவு பார்க்காது.

எனக்கு வந்த கஷ்டத்தைச் சொல்ல அன்று எனக்கு வார்த்தை கிடையாது. மகள் பிறந்த பத்தாம் நாளிலிருந்து அழுகை. காரணம் கேட்டால் இல்லை. பிறகு அழுகையும் நின்றுவிட்டது. அது இன்னும் மோசம். குழந்தையை மடியில் போட்டால், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன மூட்டையைப் போல இருந்தது. தூங்கவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. லயத்துப் பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி சன்னி என்றாள், ஒருத்தி கண்ணேறு என்றாள், ஒருத்தி ஊர் ஏக்கம் என்றாள். அண்ணி எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்.

"இந்தா அஞ்சல, மென்னு முழுங்கு. எல்லாம் சரியாயிரும்லா."

முழுங்கினேன். இரண்டாம் வாரம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு நாளில் தானாகவே நின்றும் போனது. ஆனால் என் புத்தி அதைப் பிடித்துக்கொண்டது. நான் தின்றது பாலில் இறங்கி அவளுக்குப் போகிறது. என் பால் விஷம். நான் கொடுக்கக் கொடுக்க இவள் சாவாள். இன்று எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்று அது எனக்குச் சூரியன் உதிப்பதைப் போல நிச்சயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். காலையில் அண்ணி கொடுக்கும் லேகியத்தை வாயில் போடுவதுபோல் பாவனை செய்து, தாளில் சுற்றி மடியில் செருகிக்கொள்வேன். அப்போது கேட்டில் இருந்தவள் கொண்டையைப் பார்ப்பதோடு விட்டுவிடுவாள், மடியைத் தொடமாட்டாள். மரங்களுக்குள் போனதும் லேகியத்தைத் தூர எறிவேன். மார்பு கட்டி வலிக்கும். அந்தப் பாலையும் மரத்தடியிலேயே பீய்ச்சி விடுவேன். அண்ணிக்குச் சமையலும் தன் பையனும் இருந்ததால், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் ஆயா கொட்டகையில்தான் பகலில் குழந்தை; திரும்பி வந்து அங்கிருந்து தூக்கினால், குடிக்க வரும் வாயைத் திருப்பிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவேன். குழந்தை இளைத்தது. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு திங்கட்கிழமை தம்பியிடம் சொன்னார்.

"பால் வத்திப் போச்சுடா இவளுக்கு. எங்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கெழம போறப்ப புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போறேன். கெமாஸ்ல ரெண்டும் ஒண்ணா வளரட்டும்."

அவரும் சரி என்றார். தப்பு என்ன? அவர்கள் வீட்டுப் பிள்ளை, அத்தைக்கு உரிமை உண்டு. ஊரிலும் அதுதான் நியாயம். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அவள் என்னிடமிருந்து தப்பித்துப் போகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் கேட்டில் புது ஆள். சோம் என்று பேர், சோம் அக்கா என்கிற மாதிரி கா சோம் என்பார்கள். கோலப்பிலாப் பக்கம் கம்பம் என்கிற மலாய்க் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள், நாற்பது வயதிருக்கும், பெரிய கை. கொண்டையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், நேராக மடியில் கையை விட்டு உருண்டையை எடுத்துவிட்டாள்.

"அபோ இனி?" என்றாள். இது என்ன என்கிறாள்.

எனக்குத் தெரிந்த மலாய் கைவிரலுக்குள் அடங்கும். "ஊபாட்," என்றேன். மருந்து. அதோடு நின்றிருக்கலாம். விளக்குகிறேன் பேர்வழி என்று, "ஊபாட் பெரானாக்," என்று சேர்த்தேன். பிள்ளை பெற்றவளுக்கான மருந்து.

அவள் முகம் மாறிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து, அதுவும் முள்கம்பிக்கு வெளியே போகிறது. அப்படியானால் காட்டுக்குள் யாரோ ஒருத்தி பிள்ளை பெற்றிருக்கிறாள், நான் அவளுக்குக் கொண்டுபோகிறேன்! கேட்டில் காவலுக்கு நின்ற துப்பாக்கிக்காரனைக் கூப்பிட்டாள். மண்டோர் ஓடி வந்தார். எங்கள் வேலையை மேய்க்கிறவர், மலாய் தெரிந்த தமிழர்.

"அடிப்பாவி, என்னா காரியம் செஞ்ச? யாருக்குக் கொண்டு போற? சொல்லிரு, இல்லாட்டி லோரியில ஏத்திருவான்."

"எனக்குத்தாங்க."

"ஒனக்குன்னா வீட்லயே தின்னுட்டு வர வேண்டியதுதான? எதுக்கு மடியில?"

ராத்திரியிலிருந்து கட்டிய பால் ரவிக்கையை நனைத்துச் சேலைக்கு வந்துவிட்டது. கா சோம் அதைப் பார்த்தாள். மற்ற இருவரையும் தட்டிக்கு அப்பால் போகச் சொல்லிவிட்டு, உருண்டையை என் வாய்க்கு நேரே நீட்டினாள். "மாக்கான்." தின்னு.

தலையை ஆட்டினேன். எங்கிருந்தோ அழுகை வந்தது. "தா பொலே. அனாக் மாத்தி," என்றேன். முடியாது, பிள்ளை செத்துப்போகும். பால் நனைந்த இடத்தைக் கையால் காட்டினேன்.

அவள், "மெரொயான்," என்றாள். பிள்ளை பெற்றவளுக்கு மனசு கலங்கும் நோய்க்கு மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் பேர் அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எனக்கு வந்ததற்கு ஒரு பேர் இருந்தது, அதை இவள் முன்னமே கண்டிருக்கிறாள்! பிறகு அவள் செய்ததைப் பின்னால் அண்ணியிடம் சொன்னபோது அவரால் நம்ப முடியவில்லை. உருண்டையை இரண்டாகப் பிட்டாள். முஸ்லிமான அவள், யார் சட்டியில் கிண்டியது, என்ன போட்டது என்று எதுவும் கேளாமல் ஒரு பாதியைத் தன் வாயில் போட்டு மென்றாள். காரத்தில் கண் கலங்கியது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள், நாங்கள் தினமும் கேட்டில் கொண்டையை அவிழ்த்துக் காட்டுவதைப் போல. மற்றப் பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். தின்றேன்.

துப்பாக்கிக்காரனிடம் என்ன சொன்னாளோ, விட்டுவிட்டான். கைக்கு அகப்பட்டதை அவள் தின்றுவிட்ட பிறகு கேஸ் ஏது?

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. உருண்டையைக் கேட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அவள் கண்முன்னால் பாதியைத் தின்ன வேண்டும். மீதிப் பாதியை அவளே குப்பையில் போடுவாள். "சுடா பாகி சூசு?" என்று கேட்பாள். பால் கொடுத்தாயா? "சுடா," என்று பொய் சொல்வேன். வியாழக்கிழமை பொய் செல்லவில்லை. ரவிக்கையைச் சுட்டிக்காட்டி, கொட்டகைக்குத் திருப்பி அனுப்பினாள். மண்டோர் நேரமாகிறது என்று கத்தினார். அவள் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். ஆயா பார்த்துக்கொண்டிருக்கக் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். அவள் குடித்தாள். சாயங்காலமும் உயிரோடுதான் இருந்தாள். மறுநாளும் பார்த்தேன், இருந்தாள்.

சனிக்கிழமை, மண்டோரை வைத்துக்கொண்டு கா சோமிடம் சொன்னேன், நாளை பிள்ளை கெமாஸ் போகிறது, வீட்டுக்காரரின் அக்கா கொண்டுபோகிறார் என்று. அவளுக்குப் புரியவே இல்லை. மண்டோர் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார்.

"புருஷனோட அக்காளா? அவளுக்கும் புள்ளைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குதும்மா இது," என்றார் மண்டோர். "இவங்க ஊருல வீடு வாசல் எல்லாம் பொம்பளைங்க பேருலதான். கட்டுனவன்தான் பொண்டாட்டி வீட்டுக்கு வரணும். புள்ள தாயோட ஆளுங்களுக்குத்தான் சொந்தம். ஒன்னோட ஆளுங்க எங்கன்னு கேக்குது."

கடலுக்கு அப்பால் என்று கையைக் காட்டினேன். இங்கே யாரும் இல்லையா என்றாள். நான் மட்டும்தான் என்றேன். அப்படியானால் நீதான், என்றாள். இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் அடுத்தவளின் கொண்டையை அவிழ்க்கச் சொன்னாள்.

அன்று மாலை அண்ணியிடம் லேகியத்தை எறிந்த கதை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கை வலிக்க வலிக்க இடிச்சேனேடி," என்று அழுதுவிட்டார். மறுநாள் காலை லோரி வந்து நின்றது. அண்ணி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தைக்காக இன்னொரு கையை நீட்டினார்.

"புள்ள எங்கிட்டயே இருக்கட்டும் அண்ணி," என்றேன்.

என் வீட்டுக்காரர், "என்னா புள்ள பேசற, ஒனக்கு இன்னும் ஒடம்பு சரியாகல," என்றார்.

"ஆகலதான். ஆனா அவளுக்கு நான் இருக்கேன்."

சொல்லிவிட்டுக் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டேன். அண்ணி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். "அடுத்த மாசம் வந்து பாப்பேன். எளைச்சிருந்தா கேக்காமத் தூக்கிருவேன்," என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினார்.

லேகியம்தான் என்னைக் குணமாக்கியது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தெளிய ஏழெட்டு மாதம் ஆனது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர், அளவைக் குறைத்தது நல்லது என்றார். சீனக் கடையில் ஒருத்தி வாங்கிக் கொடுத்த தூக்கப் பொடியை மோந்து பார்த்துவிட்டுக் கொட்டச் சொன்னார், நீ தின்றால் பிள்ளையும் தின்ற மாதிரி என்றார். இன்று எவளுக்காவது எனக்கு வந்ததுபோல் வந்தால் வாய் திறந்து சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள், என்ன வேர் தின்கிறீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். அம்மாவுக்கு இதையெல்லாம் நான் எழுதவே இல்லை. 'நானும் குழந்தையும் சுகம்' என்றுதான் எழுதினேன்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு ஊரில் இருப்பது அண்ணன் வீடு. ஒரு தடவை போனேன். விருந்தாளிக்குப் போடும் பாயைப் போட்டார்கள். என் மகள் தலைப்பிரசவத்துக்கு, புருஷன் வீட்டிலிருந்து வளையலும் கையுமாக தோட்டத்தை விட்டு நாங்கள் குடிவந்த, லோபாக்கில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் யாரையும் கேட்காமல் நேரே உள்ளே போய், அலமாரியைத் திறந்து தன் பழைய பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு இது தாய்வீடு. எனக்கென்று இப்போது தாய்வீடு எதுவும் இல்லை. நான் குடியிருப்பது என் மகளுடைய தாய்வீட்டில்.