மூடி வைத்த சாப்பாடு

எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் ஒரு வான்கோழி கிடந்தது. சனிக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு முழுகப் போன என் கணவர், காதோரம் எண்ணெய் வழிய வழியத் திரும்பி வந்து, "உள்ளுக்க ஆரோ படுத்திருக்கினம்" என்றார். கல்லாக உறைந்திருந்த அந்தப் பறவையைத் தண்ணீரில் போட்டு வைத்தால்தான் மதியத்துக்குள் இளகும் என்று மருமகள் எமிலி முதல் நாளே கிடத்திவிட்டுப் போயிருந்தாள். லண்டனில் இந்தக் குட்மேய்ஸ் வீட்டுக்கு வந்த நாள் முதலாய் அந்தத் தொட்டியில் என் மகனைக் குளிப்பாட்டியிருக்கிறேன், கொரோனாக் காலத்தில் கடைச் சாமான் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன். செத்த பறவைக்கு முழுக்கு வார்த்தது இதுதான் முதல் தடவை. இவர் சமையலறைத் தொட்டியில் தலையைக் கொடுத்துக் குளித்து முடித்தார். நல்ல நாளும் அதுவுமாக வாயைக் கொடுக்க வேண்டாம் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாங்ஸ்கிவிங் இங்கிலாந்துக்காரருடைய பண்டிகை அல்ல, அமெரிக்கர்களுடையது. எமிலி ஒஹாயோ என்ற மாநிலத்துப் பெண். என் மகன் கௌதமனைக் கட்டி லண்டனுக்கு வந்து, இந்த ஊர்க் குளிரையும் மழையையும் எங்களைப் போலவே திட்டிக்கொண்டு இருக்கிறவள். நவம்பர் நாலாவது வியாழனில் அவள் வீட்டார் எல்லோரும் ஒரு மேசையில் கூடுவார்கள், அவள் மட்டும் இங்கே வேலையில் இருப்பாள். போன வருடம் அன்றைக்கு ரெயிலில் நின்று அழுதாளாம். அதைக் கௌதமன் சொன்னபோது எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. லண்டன் வந்த புதிதில், பொங்கலன்று அடுக்குமாடி வீட்டில் மின்சார அடுப்பில் பால் பொங்கவிட்டு, புகைக்கு மணியடிக்கும் அலாமை விசிறிக்கொண்டு அழுதவள் நான். வியாழன் லீவு இல்லை, வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை, ஆகவே சனிக்கிழமை என்று முடிவாயிற்று. பண்டிகைகளைச் சனி ஞாயிறுக்குத் தள்ளிப்போடும் கலையில் நாங்கள் கைதேர்ந்தவர்கள்.

வான்கோழி கிடைத்ததே பெரும் பாடு. கிறிஸ்மஸுக்கு முந்தி முழுப் பறவை வராது என்று இறைச்சிக் கடைக்காரர் கையை விரித்தார். மருமகளின் பண்டிகை, கட்டாயம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அவர் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று எடுத்துக்கொண்டு, முகத்தைப் பக்தியாக வைத்தபடி, எங்கோ ஒரு குளிரறையில் சொல்லி எடுத்துத் தந்தார். கொண்டு வந்து பார்த்தால் அது எங்கள் ஓவனுக்குள் அடங்கவில்லை. காலை மடக்கிக் கட்டி, ஒரு தட்டைக் கழற்றி எறிந்து, கதவை இவர் முழங்காலால் தள்ளிப் பூட்டினார். எமிலி வெண்ணெய் பூசிய இடத்தில், அவள் திரும்பிய நேரம் பார்த்து, இவர் வறுத்த மிளகாய்த்தூளை அப்பிவிட்டார். தூள் கருகி ஸ்மோக் அலாம் அலறியது. வத்தாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளியை மசித்து அதன் மேல் மார்ஷ்மெல்லோ என்ற இனிப்புப் பஞ்சை அடுக்கிக்கொண்டிருந்த எமிலி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சோறு இல்லாவிட்டால் இவருக்குச் சாப்பிட்டது போல் இராது என்பதால் நான் ஒரு பக்கத்தில் சோறும் பருப்பும் வைத்தேன். அந்த ஒரு மணி நேரம் வீடு வீடாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை.

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வன்னியில் தண்ணீர்ப் பம்புகள் திருத்துகிறவர். எந்தத் தோட்டத்தில் எந்த நேரம் மெசின் நின்றாலும் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகும். நேரத்துக்குச் சாப்பிட்டு நான் அவரைக் கண்டதில்லை. அண்ணி சோற்றைப் போட்டு, அதன் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அடுப்படியில் சூட்டோடு வைத்துவிட்டுக் காத்திருப்பா. "பிந்தி வாறது உம்மட அண்ணைக்கு ஒரு மாறாத வருத்தம்" என்று சிரிப்பா. போர் முடிந்த அந்தக் கிழமையில், சனமெல்லாம் பாலத்தைக் கடந்து இராணுவப் பக்கம் வந்தபோது, ஆமிக்காரர் பெயர் கேட்டு ஆண்களைப் பிரித்தார்கள். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அண்ணி கடைசியாகக் கண்டது பஸ் யன்னலில் அவருடைய கையை. இடுப்பில் இருந்த மகள் துளசி அந்தக் கைக்கு டாட்டா காட்டினாளாம். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

அண்ணியும் துளசியும் பல வருடம் அலைந்து லண்டன் வந்து, இப்போது லூயிஷாமில் இருக்கிறார்கள். அண்ணிக்கு முதியோர் இல்லமொன்றில் ஷிப்ட் வேலை. பொட்டையும் தாலியையும் அவ கழற்றியதில்லை. மாதம் தவறாமல் கோயிலில் அண்ணனின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்விப்பா. அருச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் என்று தெரிந்துதான் செய்விக்கிறா. அண்ணனின் படம் அவ வீட்டுச் சுவரில் இருக்கிறது, ஆனால் அதற்கு மாலை இல்லை, முன்னால் விளக்கு இல்லை. நான் ஒரு தடவை ஐயரிடம் விசாரித்தேன். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்றார். அதைப் போய் அண்ணியிடம் சொன்னேன். "உமக்கு வேணுமெண்டா உம்மட அண்ணையைக் கொல்லும். என்ர மனிசனை விடும்" என்றா. அதற்குப் பிறகு ஆறேழு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. அண்ணி ஷிப்ட் முடித்து நேரே வருவதாகச் சொல்லியிருந்தா, துளசி முன்னமே வந்துவிட்டாள். இருபது வயதுப் பிள்ளை, யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், அண்ணனின் அதே நெற்றி. பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேசையின் தலைமாட்டில் ஒரு கதிரை காலியாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு தட்டில் இறைச்சி, கிழங்கு, சோறு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பரிமாறியிருந்தது. தட்டுக்குப் பின்னால் சட்டம் போட்ட அண்ணனின் படம். படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

எமிலி என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள். அவளுடைய அண்ணன் கடற்படையில் இருக்கிறான். அவன் கப்பலில் இருக்கிற வருடங்களில் அவளுடைய அம்மா அவனுக்கும் ஒரு தட்டுப் போட்டு, திரி கொளுத்தி, படத்தையும் வைப்பாவாம். வர முடியாதவருக்கும் மேசையில் இடம் உண்டு என்று காட்டுவதற்காம். "மாமாவுக்கும் இங்கே இடம் இருக்கிறது என்று ஆன்ட்டிக்குத் தெரிய வேண்டும், இல்லையா மாமி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். படம் வைத்து, விளக்கேற்றி, சோறு பரிமாறி வைத்தால் எங்களில் அதற்குப் பெயர் படையல். செத்தவருக்குத்தான் வைப்போம்.

அந்தத் தட்டை நான் தூக்கியிருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் கை எழவில்லை. ஒளிக்காமல் எழுதுகிறேன், என் அண்ணன் செத்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு இருக்கிறவள். உயிரோடு இருந்தால் இத்தனை வருடமும் அவரை எங்கே, எப்படி வைத்திருப்பார்கள் என்று நினைக்க என்னால் ஏலாது. அவருக்காக நான் ஒரு நாளும் வாய்விட்டு அழுததில்லை, அழுதால் அது அண்ணியின் தாலியில் கை வைத்ததாகும். அந்தத் திரி வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தபோது, கடைசியில் உனக்கு ஒரு பிடி சோறு கிடைத்ததே என்றுதான் நினைத்தேன். பருப்புச் சட்டி கையைச் சுட்டபோதுதான் அதை மேசையில் வைத்தேன். அந்த நேரம் வாசல் மணி அடித்தது.

அண்ணி வேலை உடுப்போடு வந்தா. கையைக் கழுவி, குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தா. எமிலியின் வழக்கப்படி ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்லத் தொடங்கியிருந்தோம். "ஹீட்டர் வேலை செய்யுது, மனிசி இன்னும் துரத்தேல்லை" என்று இவர் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் சிரிக்காததைக் கண்டு பாதியில் நிறுத்தினார். அண்ணி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"இது ஆருக்கு?"

கௌதமன் என் முகத்தையும் எமிலியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எமிலிதான், எனக்குச் சொன்னதையே அண்ணிக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முதியோர் இல்லத்து ஆங்கிலம் அண்ணிக்குப் போதும். கடைசிவரை கேட்டுவிட்டு, எமிலியை விட்டு மகள் பக்கம் திரும்பினா.

"படம் ஆர் குடுத்தது?"

"நான்தான்" என்றாள் துளசி.

"எமிலிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்தானே?"

"ஓம் அம்மா. தெரியும்."

துளசி அழவில்லை, குரலும் உயரவில்லை. "ஃப்ரெண்ட்ஸ் அப்பா எங்க எண்டு கேட்டா, மிஸ்ஸிங் எண்டு சொல்லுறன். அவையள் என்ன நினைக்கினம் தெரியுமே? எங்களை விட்டிட்டுப் போயிட்டாராம். ஒருத்தி என்னைக் கட்டிப்பிடிச்சு, மை டாட் வோக்ட் அவுட் டூ எண்டு சொன்னாள். எங்கட அப்பா எங்களை விட்டிட்டுப் போகேல்லை அம்மா. எனக்கு ஒரு நாள் வேணும். அவர் செத்தது எண்டு ஒரு நாள். அண்டைக்கு அழுதிட்டு, அடுத்த நாள் எழும்ப வேணும். ஹி இஸ் நொட் கமிங், அம்மா."

அண்ணி எழும்பினா. அடிக்கப் போகிறா என்றுதான் நினைத்தேன். திரியை வாயால் ஊதாமல் இரண்டு விரலால் நசுக்கி நூர்த்தா. படத்தை எடுத்து, சேலைத் தலைப்பு இல்லாததால் வேலை உடுப்பின் நுனியால் கண்ணாடியைத் துடைத்து, கைப்பைக்குள் வைத்தா. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினா.

"வசந்தி, மூடுற ஃபொயில் பேப்பர் எங்க வைச்சிருக்கிறீர்? சாப்பாட்டைத் திறந்து வைச்சா ஆறிப் போகும். பிந்தி வாற மனிசனுக்கு மூடி வைக்கிறதுதான் முறை."

நான் எடுத்துக் கொடுத்தேன். ஓரம் ஓரமாக மடித்து, காற்றுப் போகாமல் மூடி, குளிர்ப்பெட்டியின் மேல் தட்டில் வைத்தா. திரும்பி வந்து எமிலியின் தலையைத் தடவி "தேங்க் யூ" என்றா. மிளகாய்த்தூள் கருகிய அந்த இறைச்சியைச் சோற்றோடு போட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டா. துளசி எழும்பிப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எமிலி சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "நான் ஏதும் பிழை செய்துவிட்டேனா?" என்று அழுதாள். இல்லை என்றேன். பொய்யும் இல்லை. அந்த மேசையில் எமிலி வைத்த தட்டின் பொருள் அண்ணிக்கு மட்டும்தான் சரியாக விளங்கியது. படையலாகப் பார்த்தது துளசியும் நானும்தான்.

புறப்படும்போது அண்ணி போய் மகளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தா. பிறகு துளசி தாயின் கோட்டை எடுத்துக் கொடுத்தாள், எமிலி கட்டிக் கொடுத்த பூசணிப் பணியாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். எப்போதும் போல ஒன்றாக ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். ஒன்றும் தீரவில்லை. அந்தப் பிள்ளை கேட்டதில் ஒரு பிழையும் இல்லை, அண்ணி மறுத்ததிலும் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

மற்ற மிச்சங்களை அடுத்த கிழமைக்குள் தின்று தீர்த்துவிட்டோம். அந்தத் தட்டை ஒருவரும் தொடவில்லை. நேற்றுக் காலை அதிலிருந்து மணம் வரத் தொடங்கியது. இவர், "எறியுமப்பா, வருத்தம் வரப்போகுது" என்றார். எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். கவுன்சில் தந்த சாப்பாட்டுக் குப்பை வாளி ஒரு பக்கம். மரவேலியில் ஒரு காகம் இருந்தது. வாளியில் கொட்டினால் அது குப்பை, அண்ணனின் சாப்பாட்டை நான் குப்பையில் கொட்டினேன் என்றாகும். காகத்துக்கு வைத்தால் படையல் முடிந்தது, அண்ணனும் முடிந்தார். ஃபொயிலின் ஒரு மூலையைக்கூடக் கிளப்பினேன். காகம் கிட்ட வந்து குந்தியது.

அந்த நேரம் உடுப்புப் பையில் போன் அடித்தது, அண்ணி. வேலைக்குப் போகும் வழியில் என்று தெரிந்தது, பின்னால் ரெயில் சத்தம். சுகம் விசாரித்துவிட்டு, சும்மா கேட்பது போலக் கேட்டா.

"அந்தப் பிளேட் இருக்கே, வசந்தி?"

காகம் ஒரு முறை கத்தியது. அது அண்ணிக்கும் கேட்டிருக்கும். காகம் கத்தினால் வீட்டுக்கு ஆரோ வரப்போகிறார்கள் என்று நினைக்கிறவ அவ.

"இருக்கு அண்ணி. மூடித்தான் வைச்சிருக்கிறன்."

மூலையைத் திரும்ப மடித்துவிட்டு உள்ளே வந்தேன். ஃப்ரீசரில் முருங்கைக்காய்ப் பைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, அண்ணனுக்கு இடம் செய்து வைத்தேன்.