மில் கொடுத்த தாவணி

ஆத்தாயிக்கு முதல் தாவணியைக் கொடுத்தது தாய்மாமன் அல்ல, ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லின் முதலாளி. மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் பாவாடை சட்டையை விட்டுத் தாவணிக்கு மாறுவாள். அந்த முறையைத்தான் முதலாளி சண்முகவேல் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டார்.

அது 1958. ஆத்தாயிக்குப் பத்து வயது. அப்பன் இல்லை. அம்மா சுப்பம்மாளோடு மில்லில் உட்கார்ந்து குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, தோல் சீவினாள். கிழங்குப் பால் பட்டுப் பட்டு விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. குழம்புச் சோற்றில் கை வைத்தால் எரியும். வாய் மட்டும் ஓயாது.

"நான் பெரியவளானா எங்க மாமன் ராசிபுரத்துலிருந்து பட்டுப்பாவாடை கொண்டாருவாரு. பச்சை ஓலையில குடிசை கட்டுவாரு. அன்னிக்கு நான் கிழங்கு சீவ மாட்டேன்" என்பாள். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டேதான் அவள் மற்ற நாட்களை ஓட்டினாள்.

பதினாலு வயது ஆகாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் முதலாளி பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர்களைப் பெரிய பெண்களாகக் காட்ட ஜவுளிக்கடைக்குப் போய்த் தாவணி வாங்கி வந்தார். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த நல்லவர் என்று அவருக்கு ஊரில் பெயர். அக்கிரமத்தைக்கூட தானம் மாதிரி செய்யத் தெரிந்த மனுஷன்.

"இன்னும் ஆளாகலீங்களே, சாமி. ஊரு பாத்தா என்னங்க சொல்லும்?" என்றாள் சுப்பம்மாள்.

"மில்லுக்குள்ள மட்டும் போட்டுக்கட்டும். இஷ்டமில்லைன்னா புள்ளையும் நீயும் ஊட்டுலயே இருந்துக்கங்க."

சுப்பம்மாள் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

அதிகாரி வந்த நேரம்தான் கெட்ட நேரம். அவர் வாசலில் நின்று பெண்களின் வயதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அக்காவைப் பார்க்க மாமன் கந்தவேல் சைக்கிளில் வந்து இறங்கினான். தாவணியில் நின்ற ஆத்தாயியைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"அக்கா, புள்ள எப்ப பெரியவளாச்சு?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார்.

"தை மாசம்" என்றாள் சுப்பம்மாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலை. அப்படித்தானே?" கந்தவேல் தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். அதிகாரிக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டியிருக்கவில்லை. பதினாலு என்று எழுதிக்கொண்டார். அவர் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

மறுநாளே சுப்பம்மாள் ராசிபுரம் போய் நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள்.

"நேத்து ஆபீசர் முன்னால தை மாசம்னே. இன்னிக்கு ஆகவே இல்லீங்கறே. எதை நம்பறது?" என்று கேட்டான் தம்பி. எங்கோ யாரையோ வைத்துச் சீரை முடித்துவிட்டு, இப்போது கதை கட்டுகிறாள் என்றே அவன் கடைசிவரை நினைத்தான். தாய்மாமனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. போக்குவரத்து அன்றோடு அறுந்தது.

கந்தவேல் வந்து போன சேதி ஊரெல்லாம் பரவிவிட்டதால் தாவணியைக் கழற்றவும் வழியில்லை. தெருவில் பாண்டி ஆடப் போனால், "நீதான் பெரியவளாயிட்டயே, போ" என்று பிள்ளைகள் விரட்டினார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், மில் களத்தில் ஜவ்வரிசி காயவைத்துக்கொண்டிருந்தபோது அவள் நிஜமாகவே பெரியவளானாள். ஓடிப்போய் அம்மாவின் காதில் சொன்னாள். சுப்பம்மாள் அவளைக் கிழங்குப் பால் தேக்கும் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பழைய துணியைக் கிழித்துக் கொடுத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாத சாமி. ஊருக்கு நீ எப்பவோ ஆளாயிட்ட."

"மாமனுக்காச்சும் சொல்லி உடுங்கம்மா. இப்ப நிஜம்தானுங்களே."

சுப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். களத்துப் பக்கமிருந்து மேஸ்திரி கூப்பிட்டான்.

பெரியவளான பெண்ணை அன்றைக்கு ஒரு வேலையும் செய்யவிடாமல் தனியே உட்கார வைப்பார்கள். உறவுக்காரப் பெண்களெல்லாம் வந்து பார்ப்பார்கள். ஆத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு களத்துக்குப் போய், பொழுது சாயும்வரை ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.